பன்னிமேட்டுக் குட்டி

தனியாகத் தவிக்கும் யானைக்குட்டியைப் பிடிப்பது பெரிய வேலையே இல்லை. பசியும் பயமும் சேர்ந்தால் அதுவே ஆளைத் தேடி வந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை.

2023 டிசம்பர் கடைசியில் வால்பாறை பன்னிமேடு பக்கம் அப்படி ஒரு குட்டி நின்றது. நான்கைந்து மாதம் இருக்கும். ஆனைமலை புலிகள் காப்பக ஊழியர்கள் டிரோனை மேலே ஏற்றித் தாயின் கூட்டத்தைத் தேடினார்கள். வால்பாறையில் காடு ஒரே விரிப்பாக இல்லை. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலை. கூட்டம் ஒரு சோலையில் நிற்கும், குட்டி வேறொரு சரிவில் கத்தும். இடையே எஸ்டேட் ரோடு, லயன் வீடுகள், போதாததற்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்.

குட்டியைக் குளிப்பாட்டி உடம்பெல்லாம் சேறு பூசினார்கள், மனித வாடை போவதற்கு. வாடைக்காகவே தாய் ஒதுக்கிவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் பூசாமல் விட்டுப் பார்க்கும் துணிச்சல் யாருக்கு வரும்? வண்டியில் ஏற்றிப்போய்க் கூட்டத்துக்கு அருகே இறக்கிவிட்டு விலகிக்கொண்டார்கள். சேர்ந்தது.

விட்ட பிறகும் கண்காணிப்பு நிற்கவில்லை. சில நாள் கழித்து, தாயின் அணைப்பில் குட்டி தூங்கும் படம் ஒன்று கிடைத்தது. நாடே பார்த்த படம் அது.

ஏன் இவ்வளவு அவசரம்? இந்த வயதில் தாய்ப்பால்தான் உயிர். பசும்பால் ஒத்துக்கொள்ளாது. பால்மாவு கரைத்து, ராத்திரி பகல் பாராமல் புகட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு பிடித்தால் சில நாளில் முடிந்துவிடும். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் ரகு, பொம்மி என்ற குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. தருமபுரியில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி ஒன்று அதே மாதம் அவர்களிடம் வந்தது. அந்தக் கைப்பழக்கத்தாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம்தான் தாங்கியது.

சேர்க்கும் முயற்சியும் எப்போதும் பலிக்காது. 2024இல் கோவை மருதமலை அடிவாரத்தில் விழுந்து கிடந்த தாய் யானை, சிகிச்சையில் தேறிக் காட்டுக்குள் போனது. அதைப் பிரிந்த குட்டியைத் தாயோடு சேர்க்கப் பலமுறை முயன்றார்கள். கடைசியில் அதுவும் தெப்பக்காட்டுக்குத்தான் போனது.

தேயிலைச் சரிவில் ஒற்றைக் குட்டியைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், பால் ஊற்றாதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் பக்கத்துச் சோலையில் நிற்கலாம்.