வேண்டாம் என்று சொன்ன பிறகு

கிடர்பூருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. புற்றுநோய்க்காரர்களின் வலியையும் புண்ணையும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் டாக்டர் வேலை. ஊரில் "கல்கத்தாவுல பெரிய டாக்டர்" என்கிறார்கள். ஃபேன்சி மார்க்கெட் பின்னால் நான் ஏறும் மாடிப்படிகளைப் பார்த்தால் சொல்ல மாட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் துபாயிலிருந்து நண்பன் கூப்பிட்டான். ஊரில் அம்மாவுக்கு 72 வயதில் மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கீமோ வேண்டாம் என்கிறார். "நீ சொன்னா கேப்பாங்கடா." வெளியூரில் இருக்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் இப்படி போன் வரும். பத்து நாள் லீவில் மகன் வந்து எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்ப்பான். அது பாசம்தான். ஆனால் அம்மா காதில் அதட்டலாக விழும்.

அம்மாவிடம் பேசினேன்.

"அவர் கீமோவுல பட்டதைப் பாத்தவ தம்பி நான். கடைசி ரெண்டு மாசமும் ஆஸ்பத்திரிதான்."

அவர் பயந்தது கணவரின் நோய்க்கு. அது நுரையீரலில் முற்றிய நிலை. இவருக்கோ ஆரம்ப நிலை, ஹார்மோனால் வளரும் வகை. இதில் தினமும் போடும் மாத்திரைதான் முக்கியம். இந்த வயதில் பலருக்குக் கீமோவால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். மாத்திரை என்றால் சம்மதமா என்று கேட்டேன். "அதுக்கென்ன, முழுங்கிட்டுப் போறேன்." இதைத் தனியாக யாரும் அவரிடம் கேட்கவே இல்லை! அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டு முடிவு செய்யச் சொன்னேன். அவரும் சரி என்றுவிட்டார்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்று டாக்டர் கோபப்பட்டால் நோயாளி நேராக மூலிகைக்காரரிடம்தான் போவார். குணமாகக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்களைப் பற்றி 2018-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு.

எல்லோரும் அந்த அம்மா போல் இல்லை. இங்கே ஒரு சாச்சா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வாயில் புற்று. தாடையில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள். "பேச்சு போயிட்டா என்ன இருக்கு டாக்டர்சாப்?" அறுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, விட்டால் கிடையாது என்று பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு நாள் அவரிடமே சொன்னேன். இரண்டு நாளும் அதே பதில். தெளிந்த மனதுள்ள பெரியவர் சிகிச்சையை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2018 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் படி இறங்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

நம் பக்கத்துக் குடும்பங்களிடம் நான் ரமணரைச் சொல்வதுண்டு. இடது முழங்கைக்குக் கீழே வந்த கட்டி சார்கோமா என்று தெரிந்ததும் கையையே எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. 1949-ல் நான்கு ஆபரேஷன், ரேடியம், பிறகு மற்ற வைத்தியங்கள், எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். டாக்டர்களும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறையும் வரை கவனித்தார்கள். கை போகாததால் உயிர் போனதா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

சாச்சா வீட்டுக்கு வாரம் இருமுறை போகிறேன். முதலில் நாற்றம். பேரக்குழந்தைகள் பக்கத்தில் வருவதில்லை என்பதுதான் வலியைவிட அவருக்குப் பெரிய துக்கம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னேன், ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. வலிக்கு நான்கு மணிக்கு ஒருமுறை மார்ஃபின், கூடவே மலமிளக்கி. (இதை மறந்தால் மூன்றாம் நாள் நோயாளி நம்மைத் திட்டுவார்.) 1985 சட்டத்தில் இந்த மாத்திரைக்கு லைசென்ஸ் மேல் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 2014 திருத்தம் அதைக் குறைத்தது. ஒவ்வொரு முறையும், மனசு மாறினால் சொல்லுங்கள், ஆபரேஷன் டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்கிறேன். இன்னும் மாறவில்லை.

வலி பத்துக்கு மூன்று என்கிறார் இப்போது. போன தடவை முகமதன் ஸ்போர்ட்டிங் பழைய மேட்ச் ஒன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், வாயில் துண்டை வைத்துக்கொண்டே. சின்னப் பேத்தி மடியில் இருந்தாள்.