மிலபா

மெக்சிகோவின் வடமேற்கு மூலையிலிருந்து தெற்கு நோக்கி 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய தீபகற்பம் பாஹா கலிபோர்னியா. ஒருபுறம் பசிபிக் பெருங்கடல், மறுபுறம் கோர்த்தெஸ் கடல், நடுவே முதுகெலும்பாக மலைத்தொடர். இதன் முழு நீளத்துக்கும் தார்ச்சாலை அமைந்தது 1973ஆம் ஆண்டில்தான். இன்றும் அந்தச் சாலையை விட்டு விலகி மண்தடத்தில் இறங்கினால் நாள் முழுதும் இன்னொரு வண்டியைக் காணாமல் செல்லலாம். அவ்வாறு சென்று திரும்புவோர் தவறாமல் சொல்லும் தொடர் ஒன்று உண்டு: 'அங்கே ஒன்றுமே இல்லை.' குறையாகச் சொல்வதில்லை, மெச்சியே சொல்வார்கள்.

ஒரு பிப்ரவரி மாதத்தில் நண்பர்கள் நால்வர் இந்த 'ஒன்றுமில்லாத' இடத்தில் ஐந்து நாள் கூடாரமிட்டுத் தங்கிவரப் புறப்பட்டார்கள். வண்டிக்குச் சொந்தக்காரன் எந்செனாதா நகரில் பிறந்து வளர்ந்த பொறியாளன். இருபது ஆண்டுப் பழைய பிக்கப் வண்டி அவனுடையது. மற்ற மூவரும் கலிபோர்னியாவில் பயிலும் ஆய்வு மாணவர்கள்: ஒருவன் நிலவியல், ஒருத்தி தாவரவியல், இன்னொருத்தி மொழியியல். மொழியியல் மாணவியின் ஆய்வு யூமன் மொழிகளைப் பற்றியது. தீபகற்பத்தின் வடகோடியில் கிலிவா, பைப்பாய், குமியாய், குகபா ஆகிய யூமன் மொழிகளை இன்றும் மிகச் சிலர் பேசுகிறார்கள். அவற்றுக்குத் தெற்கே, நடுப் பாலைவனம் முழுவதும் ஒருகாலத்தில் வழங்கிய கொச்சிமி மொழியைப் பேச ஏறத்தாழ நூறாண்டுகளாக ஆளில்லை. கொச்சிமிக்கும் யூமன் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சொல் அளவிலும் தொடர் அளவிலும் சான்று காட்டி நிறுவ முயன்ற மௌரிசியோ மிக்ஸ்கோவின் நூல் 1978இல் வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் வண்டி ஏறினாள். பாலைவனத்துக்கு எடுத்துச்செல்ல எத்தனையோ பொருள் இருக்க இது எதற்கு என்று நிலவியல் மாணவன் கேலி செய்தான். அவன் பையில் இரண்டு சுத்தியல்கள் இருந்தன.

நீர்தான் முதற்கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் நால்வருக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர். அதை 20 லிட்டர் கேன்கள் நான்கில் நிரப்பிக் கட்டினார்கள். பெட்ரோலுக்கு மேலும் இரண்டு கேன்கள். சான் ஃபெலிப்பே ஊரைக் கடந்து, தெற்கே மண்தடத்தில் இறங்கும் இடத்தில் டயர்களின் காற்றழுத்தத்தை 35இலிருந்து 20க்குக் குறைத்தார்கள். காற்று குறைந்த டயர் மணலில் அகன்று பதியும்; கல்லின் மீது நெகிழ்ந்து ஏறும். ஆனால் அதே நெகிழ்ச்சியால் அதன் பக்கச்சுவர் புடைத்து, கூரிய கல்லுக்கு எளிதாக இரையாகும். இதைப் பொறியாளன் புறப்படும்போதே சொன்னான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

முதலிரவு கலமஹுவே பள்ளத்தாக்கின் அருகே கழிந்தது. பாலைவனத்தின் நடுவே கணுக்கால் அளவு நீர் ஓடும் அந்தப் பள்ளத்தாக்கில் பாதையே ஓடைதான். வண்டி நீருக்குள்ளேயே ஊர்ந்து செல்ல வேண்டும். இத்தனை நீர் இருந்தும் கரையில் ஏன் ஓர் ஊர்கூட இல்லை என்பது பார்த்தவுடன் எழும் கேள்வி. யேசு சபையினர் 1766இல் இங்கே ஒரு மிஷனை நிறுவினார்கள். நீரில் கனிமங்கள் மிகுந்திருந்ததால் பயிர் தாங்கவில்லை. மறு ஆண்டே மிஷனைப் பெயர்த்துக்கொண்டு கபுஹகாமங் என்ற வேறிடத்துக்குப் போய்விட்டார்கள். மண்சுவர்கள் கரைந்து முழங்கால் உயர மேடுகளாக இன்றும் எஞ்சியிருக்கின்றன. நிலவியல் மாணவன் அன்று மாலை முழுதும் பாறையில் படிந்த உப்புப் படிவங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மொழியியல் மாணவிக்கோ அந்த இடம்மாறிய கதையில் வந்த பெயரிலேயே நாட்டம். தெற்கே சான் இக்னாசியோவின் பழம்பெயர் கடகாமான். 'நாணல் ஓடை' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கபுஹகாமங், கடகாமான் என்னும் இரண்டின் ஈற்றிலும் நிற்பது ஓடையைக் குறிக்கும் கொச்சிமிச் சொல். நீர் இருந்த இடங்களுக்கெல்லாம் நீரால் பெயரிட்ட மொழி அது என்று அடுப்பருகே அமர்ந்து அவள் விளக்கியபோது, தாவரவியல் மாணவி மட்டும் முழுமையாகக் கேட்டாள். மற்ற இருவரும் உறங்கிவிட்டிருந்தார்கள்.

இந்த மொழியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி நாடு கடத்தப்பட்டவர்களின் நினைவிலிருந்து வந்தது. ஸ்பானிய அரசர் 1767இல் யேசு சபையினரைத் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றினார். சான் ஹவியேர் மிஷனில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இருந்த மிகெல் தெல் பார்க்கோ, இத்தாலியின் பொலோன்யா நகரில் முதுமையில் அமர்ந்து, இனிக் காணமுடியாத நிலத்தின் செடிகளையும் விலங்குகளையும் சொற்களையும் எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி முழுநூலாக அச்சேறியது 1973இல், அதாவது தார்ச்சாலை முடிந்த அதே ஆண்டில். கொச்சிமியில் எஞ்சியுள்ள முழுத் தொடர்களைப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை வேண்டுதல்களும் ஞானோபதேசமும். வேட்டைக்குப் போகும்போது ஒரு தாய் மகனிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பது தெரியாது. பாவமன்னிப்பு வேண்டுவது எப்படி என்பது தெரியும். தன்னைப் பேசியவர்களுக்கு அதுவரை தேவைப்படாத வாக்கியங்களை மட்டும் விட்டுவிட்டு ஒரு மொழி மறைந்திருக்கிறது. பேசியவர்களைக் கொண்டுபோனவை பெரும்பாலும் அம்மையும் தட்டம்மையும் பிற தொற்றுகளும். சிதறி வாழ்ந்தவர்களை மிஷன்களில் ஓரிடத்தில் திரட்டியது அந்நோய்களுக்கு வழி திறந்துவிட்டது. இன்று கூடாரமிடுவோர் தேடி வரும் வெறுமை இயற்கையின் கொடை மட்டுமன்று.

மூன்றாம் நாள் சான் போர்ஹா மிஷனை நோக்கிச் செல்லும் தடத்தில் சிரியோ மரங்கள் தொடங்கின. தலைகீழாக நட்ட முள்ளங்கியைப் போல, அடி பருத்து நுனி சிறுத்து, கிளை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாமல், பக்கவாட்டில் குச்சிகளை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் மரம். 15 மீட்டருக்கு மேலும் வளரும். சில மரங்களின் நுனி வளைந்து தரையைத் தொட்டுவிடும். தேவாலயத்தின் நெடிய மெழுகுவர்த்தியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லே சிரியோ. ஆங்கிலத்தில் இதற்குப் 'பூஜம்' என்று பெயர். 1922இல் கோட்ஃப்ரி சைக்ஸ் என்பவர் தொலைநோக்கியில் இதைப் பார்த்துவிட்டு, லூயிஸ் கரோலின் வேடிக்கைக் கவிதையில் வரும் கற்பனை உயிரியின் பெயரை இதற்குச் சூட்டினார். அக்கவிதையில் பூஜத்தைச் சந்திப்பவர் ஓசையின்றி மறைந்துபோவார். இங்கோ அந்தப் பெயர் வருமுன்பே மரத்தோடு வாழ்ந்தவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் 'மிலபா'. 1789இல் அச்சான கிளாவிஹெரோவின் கலிபோர்னிய வரலாற்றில் அந்தச் சொல் இருக்கிறது. கிளாவிஹெரோ கலிபோர்னியாவில் கால் வைத்தவரல்லர். பொலோன்யாவில் தம்மோடு இருந்தவர்களின் ஏடுகளைக் கொண்டு எழுதியவர்.

தாவரவியல் மாணவி மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டிருந்தபோது பொறியாளன் வண்டியின் பின்புறம் சென்று கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். இடப்பக்கப் பின் டயரின் பக்கச்சுவர் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உபரி டயரை மாட்டி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முன் டயரும் அதேபோல் கிழிந்தது. இரண்டாவது டயருக்காகப் பொருள்களை இறக்கியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: பாதையின் ஓயாத குலுக்கலில் ஒரு நீர்க்கேனின் அடிவிளிம்பு விண்டு, நீர் முழுவதும் வண்டித்தளத்தின் வழியே மணலுக்குப் போயிருந்தது. மீதம் 20 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நால்வருக்கு ஒரு நாளைக்குச் சற்று மேல். மிஷன் இன்னும் 15 கிலோமீட்டருக்கு அப்பால். கைப்பேசிக்கு அலைவரிசை கிடையாது.

அன்று மாலை நடந்தது நண்பர்களுக்குள் நடக்கக் கூடாத வாக்குவாதம். நிலவியல் மாணவன் குளிரும் இரவிலேயே மிஷனுக்கு நடந்துவிடலாம் என்றான். வண்டியை விட்டு நகரக் கூடாது என்றான் பொறியாளன். வண்டியைத் தேடுவார்கள், மனிதரைத் தேடுவது கடினம் என்பது அவன் வாதம். செயற்கைக்கோள் கருவியின் அவசரப் பொத்தானை அழுத்தலாமா என்று தாவரவியல் மாணவி கேட்டாள். அதற்கு அவன், "யாரும் சாகவில்லையே" என்றான். "செத்தபிறகு அழுத்த நீ இருக்கமாட்டாய்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். மறுநாள் நண்பகல்வரை காத்திருப்பது, அதற்குமேல் பொத்தான் என்று முடிவானது. அந்த இரவு யாரும் யாரோடும் பேசவில்லை. கயோட்டிகள் மட்டும் பேசின.

காலை ஒன்பது மணியளவில் புழுதி தெரிந்தது. பழைய டொயோட்டாவில் வந்தவர் அறுபதைக் கடந்த மாடு மேய்ப்பவர். பொறியாளன் தொப்பியைக் கழற்றி, "தோன்" என்று மரியாதையோடு அழைத்து நிலைமையைச் சொன்னான். அவர் டயர்களைப் பார்த்தார், கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார், பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "மஞ்சள் லாரியில் எப்போதும் இப்படித்தான்." எந்த மஞ்சள் லாரி என்று கேட்டாள் மொழியியல் மாணவி. இந்த இடத்தின் பெயர் அது என்றார். அவர் சிறுவனாக இருந்தபோது மஞ்சள் லாரி ஒன்று இங்கே அச்சு முறிந்து ஆண்டுக்கணக்கில் கிடந்ததாம். லாரி போய்விட்டது, பெயர் இருக்கிறது. இதற்கு முந்தைய வளைவு 'விதவையின் கிணறு', அடுத்த ஏற்றம் 'கழுதை'. வரைபடத்தில் பழுப்பு நிறம் மட்டுமே இருந்த 15 கிலோமீட்டருக்குள் பன்னிரண்டு பெயர்களை அவர் விரல்விட்டு எண்ணினார். அவள் மிக்ஸ்கோவின் நூலின் கடைசி வெற்றுப்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அவர் தம் வண்டியிலிருந்து பழைய டயர்த்துண்டு ஒன்றை எடுத்து, கத்தியால் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, கிழிசலின் உட்புறம் அண்டக்கொடுத்து, அதன்மேல் டியூபை வைத்து டயரை மூடினார். பிறகு காற்று பிடித்தார்கள். நாற்பது நிமிட வேலை. அடுத்த டயருக்கும் அதுவே. எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டதற்குக் கூச்சமின்றி ஒரு தொகையைச் சொல்லி வாங்கிக்கொண்டார். பாலைவனத்து மனிதர் பணத்தை மறுத்துவிடுவதாக முடியும் பயணக்கதைகள் நிறைய உண்டு. தொழில் தெரிந்தவர் கூலி வாங்குவதில் குறைவொன்றும் இல்லை. காபி கொடுத்தபோது அதையும் குடித்தார்.

புறப்படுமுன் அவள் ஒரு சிரியோவைக் காட்டி, "மிலபா என்று சொல்லக் கேட்டதுண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். "அது யாருடைய பேச்சு?" என்றார். முன்பு இங்கே இருந்தவர்களுடையது என்றாள். அவர் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம் பாட்டியின் தாய் சான் போர்ஹாவில் பிறந்தவள் என்றும், அவள் எப்படிப் பேசினாள் என்று வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றும் சொன்னார். மழை பெய்தால் ஒரே வாரத்தில் இந்தக் குச்சிகளெல்லாம் இலை பிடித்துவிடும், அப்போது வந்து பாருங்கள் என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டு மறுபடி அணைத்தார். கழுதை ஏற்றத்தில் வலப்பக்கமாகவே போக வேண்டும், இடப்பக்கம் கல் இன்னும் மோசம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

ஏற்றத்தில் வலப்பக்கமாகவே போனார்கள். பிற்பகலில் சான் போர்ஹாவின் கற்கோயில் தெரிந்தது. தொமினிக்கர் காலத்தில், 1801இல் கட்டி முடித்தது. பதினேழே ஆண்டுகளில், மக்கள் அருகிப்போனதால் கைவிடப்பட்டது. கோயிலுக்கு அருகே வெதுவெதுப்பான ஊற்று உண்டு. கேன்களை நிரப்பியபின் நால்வரும் அதில் கால்களை வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். நிலவியல் மாணவன் நீரின் வெப்பத்தை அளந்தான். தாவரவியல் மாணவி முந்தைய நாள் அளவுகளைக் குறிப்பேட்டில் படியெடுத்தாள். இனம் என்ற கட்டத்தில் இலத்தீன் பெயரை எழுதி, வட்டாரப் பெயர் என்ற கட்டத்தில் சிரியோ என்று எழுதிவிட்டு, மிலபாவுக்கு எத்தனை எழுத்து என்று தோழியிடம் கேட்டாள்.