சிவப்புப் பொத்தான்

பதின்மூன்று பீட்டாகேம் கேசட்டுகளை நான் அழித்தேன். தெரியாமல் செய்ததல்ல. எவற்றை அழிப்பது என்று உட்கார்ந்து யோசித்து, பட்டியல் போட்டு, கையெழுத்தும் போட்டு அழித்தேன். அதன் பிறகு பதினோரு வருஷம், அவற்றில் இருந்த படங்களை இயக்கியவரிடம் எல்லாம் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நம்பியபடியே அவர் 2011இல் இறந்துபோனார்.

அவர் பெயரைப் போட்டு எழுதத்தான் நினைத்தேன். அவருடைய மகள் வேண்டாம் என்றார். அதனால் ‘சார்’ என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

சார் 1968இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கோடம்பாக்கம் வந்தவர். ஒன்பது வருஷம் உதவி இயக்குநர். கிளாப் அடித்து, கன்டினியூட்டி நோட்டு எழுதி, அசோசியேட் ஆகி, 1978இல் முதல் படம். ஓரளவு ஓடியது. இரண்டாவது படம் இரண்டே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனது. மூன்றாவது பாதியில் நின்றது. பணம் கொடுத்தவர் லேபில் இருந்த நெகட்டிவை விடவில்லை. அந்தப் பெட்டிகள் பிறகு எங்கே போயின என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பல வருஷம் மற்றவர்களுக்குக் கதை பேசியும், டைட்டிலில் பெயர் வராமல் வசனம் எழுதியும் குடும்பம் நடத்தினார்.

டிவிக்குப் போவதை அந்த நாளில் சினிமாக்காரர்கள் இளக்காரமாகப் பேசுவார்கள். ‘நீர்க்குமிழி’, ‘அரங்கேற்றம்’, ‘தண்ணீர் தண்ணீர்’ எடுத்த கே. பாலசந்தரே ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ என்று சின்னத்திரைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. பாலு மகேந்திரா சிறுகதைகளை எடுத்துக்கொண்டு ‘கதை நேரம்’ செய்தார். அதற்குச் சில வருஷம் முன்னால், 1996இல், நான் வேலை பார்த்த டிவி தயாரிப்புக் கம்பெனிக்காக சாரும் பதின்மூன்று சிறுகதைகளை வாரம் ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். பதின்மூன்று வாரம் என்பதுதான் அப்போதைய கணக்கு.

ஒரு கதைக்கு மூன்று நாள். ஒரே கேமரா. நான் டேப் லைப்ரரியில் இருந்தேன். காலி கேசட் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் ஷூட்டிங் பார்க்கப் போவேன். ஒருநாள் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் யூனிட் மொத்தமும் சும்மா உட்கார்ந்திருந்தது. மேனேஜர் மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார். சார் சமையலறை வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தரையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை மணிக்கு வெயில் அலமாரியின் கீழ்த்தட்டைத் தொட்டதும் எழுந்து, “இப்ப எடுத்துடலாம்” என்றார். ஒரே டேக். படமெடுக்கிறவர் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். என்ன அழிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒளிபரப்பு முடிந்து கேசட்டுகள் சேனலிலிருந்து திரும்பி வந்த அன்று சார் லைப்ரரிக்கு வந்தார். பீட்டாகேம் கேசட்டின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை உள்ளே அழுத்திவிட்டால் அந்தக் கேசட்டில் ரெக்கார்ட் ஆகாது. பதின்மூன்றையும் மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பி, கட்டைவிரலால் அவரே அழுத்தினார். “இனிமே இதுமேல யாரும் எதையும் ஏத்த முடியாது, இல்ல தம்பி?” என்று கேட்டார். “முடியாது சார்” என்றேன். பேனா முனையால் நெம்பினால் பொத்தான் வெளியே வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். ரிச்சி தெருவில் தன் கைக்காசில் வாங்கிய பதின்மூன்று காலி வீடியோ கேசட்டுகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு காப்பி போட்டுத் தரச் சொன்னார். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னேன். எடிட்டிங் அறை ராத்திரியில் காலியாகத்தான் கிடக்கும். ஒரு கதை இருபத்திரண்டு நிமிஷம்; இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். நான் உட்காரவில்லை. அந்தக் கேசட்டுகள் என் மேஜைக்கடியில் பையோடு கிடந்தன. அடுத்த வருஷம் என் தங்கை கல்யாண வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குக் காப்பி போட வேண்டியிருந்தபோது அதில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

2000இல் காலம் மாறிவிட்டது. வாரத்துக்கு ஐந்து நாள் மெகா தொடர். தினம் ஒரு எபிசோடு முடித்தாக வேண்டும். கேசட்டுக்குத் தட்டுப்பாடு. பழைய ஸ்டாக்கிலிருந்து நாற்பது எடுக்கச் சொல்லி முதலாளி சொன்னார். எந்த நாற்பது என்று சொல்லவில்லை. அதை என்னிடம் விட்டார்.

நான் ரேக்கின் முன்னால் நின்று என்ன யோசித்தேன் என்பது இன்னமும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தட்டில் நேயர்களைப் பேட்டி கண்ட கேசட்டுகள். யாருக்கும் இனித் தேவைப்படாதவை. ஆனால் அதை எடுத்தவருடைய தொடர் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்தால் ஆபீசுக்கே வந்து கத்துவார். சார் அப்போது எந்தத் தொடரிலும் இல்லை. கத்தவும் மாட்டார். கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் என் யோசனை. சாருடையது பதின்மூன்றையும் பட்டியலில் முதலில் எழுதினேன்.

பழைய டேப்பில் மறுபடி ரெக்கார்ட் செய்வதற்கு முன், டிராப்-அவுட், அதாவது படம் விட்டுப்போகும் இடம், இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பத்து விநாடி, கடைசியில் பத்து விநாடி. கடைசிக் கேசட்டில் மயிலாப்பூர் வீடு வந்தது. அந்தக் கதையில் தனியாக இருக்கும் அம்மாள் இரண்டு டம்ளர்களைக் கழுவி, அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளிச்சத்திலிருந்து விலகிப் போகிறாள். டேப் சுத்தமாக இருந்தது. பால்பாயின்ட் பேனாவால் பொத்தானை நெம்பி வெளியே எடுத்து, பழைய பதிவின்மேல் கலர் பார் ஏற்றினேன்.

சார் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். “கொடவுன்ல இருக்கு சார்” என்பேன். “பீட்டா டெக் ரிப்பேர்ல இருக்கு சார்.” “ஆபீஸ் மாத்தறாங்க, மாத்தினதும் எடுத்துடறேன்.” நான் அந்தக் கம்பெனியை விட்டே போன பிறகும், அங்கே சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னேன். 2009 வாக்கில் ஒருமுறை கூப்பிட்டு, பழைய நாடகம், தொடரெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாமே, நம்முடையதையும் ஏற்றலாமா என்று கேட்டார். ஏற்றலாம் சார் என்றேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேசட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, இனி கேட்க மாட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எனக்கு நானே சமாதானம் தேடிக்கொண்டதும் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பிபிசியே ‘டாக்டர் ஹூ’வின் பழைய நாடாக்களை அழித்திருக்கிறது. ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பாலு மகேந்திரா வருந்திச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் தேடித்தேடிப் படித்து, எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சாருடைய ரேக்கின் முன்னால் நின்றவன் நான் ஒருவன்தான்.

போன புரட்டாசியில் சாரின் மகள் என்னைத் தேடி வந்தார். அப்பாவின் கதைகளைப் பத்துப் பேரைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்ட ஆசை என்றார். அன்றைக்குத்தான் சொன்னேன். காபி ஆறும்வரை அவர் பேசவில்லை. பிறகு, “அப்பவே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள், அவரு எங்கேயாவது தேடியிருப்பாரே” என்றார்.

அழித்ததைவிடப் பெரிய தப்பு அதுதான். 2000இல் சொல்லியிருந்தால் அந்தக் கதைகளுக்கு விளம்பரம் பிடித்த ஏஜென்சியில் ஒரு காப்பி கிடைத்திருக்கலாம். டிவியில் வந்தபோது யாராவது வீட்டில் பதிவு செய்தார்களா என்று நடிகர்களிடம் கேட்டிருக்கலாம். அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயதுதான். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நான் சொன்னதால் அவர் எங்கேயும் தேடவில்லை. இப்போது நான் தேடுகிறேன். ஏஜென்சி மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்த அம்மாளாக நடித்தவர் இல்லை. கேமராமேன் வீட்டில் ஸ்டில்கள் ஆறு கிடைத்தன.

நினைவில் இருப்பதை ஷாட் ஷாட்டாக எழுதித் தரும்படி மகள் கேட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒன்பது கதை ஓரளவு வந்திருக்கிறது. இரண்டுக்கு முடிவு மட்டும் நினைவிருக்கிறது. மற்ற இரண்டுக்கும் கேசட் லேபிளில் சார் பச்சை மையில் எழுதியிருந்த தலைப்பு தவிர எதுவும் வரவில்லை.