நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர்!

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 3,000 கிலோமீட்டர். வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனைப் பக்கமாகப் போய் இறங்க நாலு மணி நேரம். ஆனால், டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கே ராத்திரி பன்னிரண்டுக்குக் கிளம்பினால் அங்கே காலை ஆறரை! திரும்பும்போதோ ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி கடிகாரம் பொய் சொல்லும். நான் பி.காம். ஆச்சே, சட்டென்று புரிந்துவிட்டது. போகும்போது இரண்டரை மணி நேரம் பற்று, வரும்போது வரவு. 1981 வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டது.

திருமானூரில் இந்தக் கணக்கு செல்லாது ஸார். அங்கே பயணம் கொள்ளிடப் பாலத்தில் ஆரம்பிக்கிறது. திருவையாறு, தஞ்சாவூர், பஸ் மாறி திருச்சி, அப்புறம் புதுக்கோட்டை ரோட்டில் ஏர்போர்ட். எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம். விமானம் கிளம்ப மூணு மணி முன்னதாக அங்கே ஆஜராக வேண்டும். ஆக, பறக்க நாலு மணி, பறக்க ஆரம்பிக்க ஆறு மணி!

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறினால் பினாங்கு வழியாக சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம். 1926-ல் ஓட ஆரம்பித்த கப்பல் அது. பின்னால் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே முடிந்தது. கப்பல் காலத்தில் இங்கே அப்பா செத்தால் அங்கே மகனுக்கு ஒரு தந்தி போகும், அவ்வளவுதான். யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. விமானம் வந்த பிறகுதான் இந்த ஐஸ் பெட்டியும், ‘பையன் வந்துட்டு இருக்கான்’ என்ற காத்திருப்பும்.

போன மாதம் திருமானூரில் தெரிந்த பெரியம்மா ஒருத்தர் அதைத்தான் கேட்டார். மகனுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“ஏன் தம்பி, ஏதாச்சும் ஒண்ணுன்னா அவன் எத்தன மணி நேரத்துல வந்து சேருவான்?”

நாலு மணி நேரம் என்று சொல்ல வாய் வரவில்லை. விரல் விட்டு எண்ணினேன். சூப்பர்வைசரிடம் லீவு, டிக்கெட், சாங்கியில் மூணு மணி, பறக்க நாலு, இங்கே இமிக்ரேஷனும் பெட்டியும் ஒரு மணி, கார் வைத்தால் ரெண்டு. வரவு இரண்டரையைச் சேர்க்கவில்லை. அது கடிகாரத்துக்குத்தானே, உடம்புக்கு இல்லையே.

“ஸீட் கெடைச்சா பன்னண்டு மணி நேரம் பெரியம்மா. கெடைக்கலைன்னா ஒரு நாள்.”

“அப்ப காலையில சேதி போனா மறுநாள் விடியறதுக்குள்ள...”

திண்ணையில் படுத்திருந்த பெரியப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தீவாளிக்கு ஸீட் கெடைக்குமான்னு கேளுடி மொதல்ல.”