மலையேறியவர் யார்?

இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் புத்தளக் கரையில் வந்திறங்கியபோது அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாரசீக மொழி விளங்கிய அந்த மன்னரிடம் அவர் முத்தும் கேட்கவில்லை, மாணிக்கமும் கேட்கவில்லை. ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைக் காண வழிசெய்து தரவேண்டும் என்று மட்டுமே கேட்டார். மன்னர் ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்க அடிமைகளையும் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தில் பதின்மர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என ஒரு கூட்டத்தையும் உடன் அனுப்பினார். இவ்வளவையும் ரிஹ்லாவில் இப்னு பதூதாவே எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பேச்சில் சொன்னால், அது வழிகாட்டிகளோடும் சுமைகாரர்களோடும் புறப்பட்ட ஒரு மலையேற்றக் குழு.

மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தனவாம். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதமின் வழி, ஹவ்வாவின் வழி. மாமா பாதை இலேசானது. ஆனால், அதன் வழியே ஏறியவரை ஸியாரத் செய்தவராகவே யாரும் கணக்கெடுப்பதில்லை. பாபா பாதையில்தான் செங்குத்தான பாறையும் பிடித்தேறச் சங்கிலிகளும். அந்தச் சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தானாகவே ஷஹாதாவை மொழிந்துவிடுவானாம்.

ஹட்டனில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த மலை புத்தகத்தில் தெரியவந்ததல்ல. எங்கள் உம்மா அதைப் 'பாவாத மலை' என்பார். கடைக்கு வரும் தோட்டத்துச் சனங்களுக்கு அது சிவனொளிபாதமலை. சிங்களவருக்கு ஸ்ரீபாத. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஆதமின் சிகரம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடியும் பருவம் முழுவதும் ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி மஸ்கெலியா, நல்லதண்ணி என்று போகும் கூட்டத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு மாதக் கணக்கே தெரியும். நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 5,500 படிகள். உச்சி 2,243 மீற்றர். நாட்டின் உயர்ந்த மலை இதுவல்ல, பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரமானது. என்றாலும் மனிதர் ஆசையோடு ஏறும் மலை இதுதான்.

2016 மே 21ஆந் திகதி வெசாக் பௌர்ணமி. எங்கள் மலையில் பருவம் முடியும் அந்த நாளின் அதிகாலையில்தான் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இலங்கையர் ஒருவர் அங்கே நின்றது அதுவே முதற்தடவை. முதலாமவர் ஒரு பெண் என்பது இன்னும் விசேஷம். கூடச் சென்ற யொஹான் பீரிஸ், ஒட்சிசன் கோளாறினால் உச்சிக்கு நானூறு மீற்றரளவு கீழே திரும்ப வேண்டியதாயிற்று. 2018 மே 22ஆந் திகதி அவரும் ஏறி முடித்தார். தமிழர்களைச் சொல்வதென்றால், மலேசியாவின் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் 1997 மே 23இல் ஏறியிருந்தார்கள். தமிழ்நாட்டின் முத்தமிழ்ச்செல்வி 2023இல் அதே மே 23இல் ஏறினார்.

இந்தச் செய்திகளையெல்லாம் கத்தரித்து ஒட்டிவைத்த ஒரு கொப்பியோடுதான் என் பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை. இப்போது கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறாள். எவரெஸ்டுக்குப் போகும் குழுவொன்றில் சேரவேண்டும், அதற்கு என்ன செய்யலாம், எழுதிக் கேட்க வேண்டியதை எழுதித் தாருங்கள் என்றாள். அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய தாய் பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"சேர், இவ மலை ஏறப் போறாளாம். நான் பதினேழு வயசுல இருந்து மலை ஏறுறேன். அதுக்குப் பேரு வேலை. காசு குடுத்து ஏறுனா அதுக்குப் பேரு சாதனையா சேர்?"

தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் தேயிலை நிலம். இன்றைக்கு எந்த மலை என்றுதான் காலையில் பிரட்டுக்களத்தில் கேட்பார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கோ பதில் சொல்ல வாய் வரவில்லை. பல நாட்கள் அந்தக் கேள்வியோடு இருந்தேன்.

வழிகாட்டிகளோடு எவரெஸ்ட் போவதென்றால் என்ன? ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம் அது. 5,300 மீற்றருக்கு மேலுள்ள அடிவார முகாமில் தங்கி, மேலே ஏறியும் கீழே இறங்கியும் உடம்பைக் காற்றுக்குறைவுக்குப் பழக்க வேண்டும். உச்சியில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றிலொரு பங்குதான். மலைநாட்டில் பிறந்தவள் என்பதால் அவளுக்கு அங்கே சலுகை ஒன்றுமில்லை. ஹட்டனின் உயரம் இதற்கு ஒரு கணக்கே அல்ல. கும்பு பனிச்சரிவில் வெடிப்புகளின் மேல் ஏணி போடுவதற்கென்றே நேபாளத்து ஆட்கள் இருக்கிறார்கள். உச்சிவரை கயிறு கட்டுவதும் கூடாரம், உணவு, ஒட்சிசன் சிலிண்டர்களைச் சுமந்து சென்று மேல் முகாம்களை அமைப்பதும் ஷெர்ப்பாக்கள். பணம் கட்டியவர் அந்தக் கயிற்றில் தம்மைக் கொளுவிக்கொண்டு ஏறுகிறார். அதுவும் இலேசல்ல. எட்டாயிரம் மீற்றருக்கு மேலே ஒவ்வோர் அடியும் உயிர்ப் போராட்டம். ஆனால், பணம் கட்டியவர் சில தடவைகள் கடக்கும் பனிச்சரிவை அவருக்காகச் சுமப்பவர் பல தடவைகள் கடக்கிறார்.

செலவையும் பார்த்தோம். நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் 11,000 டொலராக இருந்து 2025 செப்டெம்பரில் 15,000 டொலராகியது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 45 இலட்சம். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வருடத்தில் முந்நூறு நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால், பதினொரு வருட உழைப்பு அந்த அனுமதிச் சீட்டுக்கே போய்விடும். குழுவை நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியது வேறு.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. நேபாளத்துச் சுமைகாரர்கள் மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டியை நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். நம்முடைய கொழுந்துக் கூடையும் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் முதுகில் தொங்கியது. கூடையின் இடத்தைப் பல தோட்டங்களில் இப்போது பைகள் பிடித்துக்கொண்டன. கழுத்து வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. தேயிலைக்காகவே வளர்ந்த டார்ஜிலிங் நகருக்குப் பிழைப்புத் தேடி வந்த ஷெர்ப்பாக்களைத்தான் பழைய பிரித்தானியக் குழுக்கள் கூலிகளாகச் சேர்த்தன. டென்சிங் நோர்கேயும் அப்படி வேலை தேடி டார்ஜிலிங் வந்தவர்தான். தமிழகத்திலிருந்து நம் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது ஏட்டில் எழுதிய பெயரும் அதே 'கூலி'. ஒரே காலம், ஒரே எசமான், ஒரே சொல்.

1922 ஜூன் 7ஆந் திகதி எவரெஸ்டில் பனிச்சரிவு விழுந்து ஏழு சுமைகாரர்கள் மாண்டார்கள். குழுவிலிருந்த வெள்ளையர் ஒருவரும் மாளவில்லை. 2014 ஏப்ரல் 18ஆந் திகதி கும்புப் பனிச்சரிவில் பதினாறு பேர் மாண்டார்கள். பதினாறு பேரும் நேபாளிகள். அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு நானூறு டொலரளவு. ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்து வேலைக்குப் போக மறுத்தார்கள். அந்தப் பருவம் அத்தோடு நின்றது. சம்பளப் போராட்டங்களைக் கண்ட நமக்கு இந்தச் செய்தி அந்நியமானதல்ல.

நம் சமூகத்தவர் கதையும் இதில் உண்டு. 1954 ஜூலை 31இல் இத்தாலியர் கே-2 சிகரத்தை முதன்முதலில் வென்றார்கள். அதற்கு முந்திய நாள் அவர்களுக்கான ஒட்சிசனைச் சுமந்து சென்றவர்கள் வால்ட்டர் பொனாட்டி என்ற இளைஞரும், ஹுன்ஸாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தி என்ற முஸ்லிம் சுமைகாரரும். மேல் முகாம் பேசிக்கொண்ட இடத்தில் இருக்கவில்லை. எட்டாயிரம் மீற்றருக்கு மேலே, கூடாரமுமின்றிப் போர்வையுமின்றி இருவரும் ஓர் இரவைக் கழித்தார்கள். மெஹ்தி தம் கால் விரல்களை இழந்தார். உச்சியில் நின்ற இருவரின் பெயரை உலகம் அறிந்தது. மெஹ்தியின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2023 ஜூலை 27இல் அதே மலையில் முஹம்மத் ஹசன் என்ற பாகிஸ்தானியச் சுமைகாரர் குற்றுயிராகக் கிடக்க, உச்சிக்குப் போவோர் அவரைக் கடந்து சென்ற காட்சியை உலகமே பார்த்தது.

உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலி போன்றோர் வகுத்திருக்கிறார்கள். இத்தகைய ஆபத்தில் ஒருவர் தம் உயிரை வைக்கலாமா என்று ஆலிம்களிடம் கேட்பவர் உண்டு. எனக்குத் தோன்றும் கேள்வி அதற்கு அடுத்தது. நம் ஆசைக்காகக் கூலிக்கு வரும் இன்னொருவர் உயிரை அங்கே வைக்கலாமா? தொழிலாளியின் கூலி பற்றிய நபிமொழியை மேடைதோறும் சொல்லும் நாம், இந்தக் கேள்வியை எவரெஸ்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. காலையில் நாம் குடிக்கும் தேநீரும் ஒருவர் முதுகில் மலையிறங்கி வந்ததுதான்.

அப்படியானால் அந்தப் பிள்ளை போகக்கூடாதா? அப்படிச் சொல்ல நான் யார்? சுமப்பதற்கென்றே மலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவள், தன் விருப்பத்துக்கு மலையேற ஆசைப்படுகிறாள். இருநூறு வருடக் கதையில் அது சின்ன விசயமல்ல. 2021 ஜனவரி 16இல் பனிக்காலத்துக் கே-2வை முதன்முதலில் ஏறியவர்கள் பத்து நேபாளிகள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவருக்கொருவர் காத்து நின்று, பத்துப் பேரும் ஒன்றாகவே அடியெடுத்து வைத்தார்கள். பிறருக்குச் சுமந்த சமூகம் தனக்காக ஏறியபோது 'முதலாமவர்' என்ற பட்டத்தை ஒருவருக்கும் தனியாகக் கொடுக்கவில்லை.

ஆகவே அவளுக்கு இப்படிச் சொன்னேன். ஜயந்தி 2003இல் டார்ஜிலிங் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்றவர். டென்சிங் பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த நிறுவனம் அது. 2012இல் அவரும் யொஹானும் 6,189 மீற்றர் உயரமான ஐலண்ட் பீக்கில் ஏறினார்கள். எவரெஸ்ட் அதன் பின்னர்தான். பதின்மூன்று வருட நடை. காசிருந்தால் அடுத்த மே மாதமே ஏற்றிவிடுகிறோம் என்று சொல்லும் நிறுவனத்தை நம்பாதே. மாமா பாதையால் ஏறியவரை ஏன் கணக்கெடுக்கவில்லை என்று யோசித்துப் பார். குழுவில் சேருமுன் மூன்று கேள்வி கேள்: சுமப்பவருக்குக் காப்புறுதி எவ்வளவு, அவருக்கு எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள், அவர் விழுந்தால் யார் தூக்குவார்? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரோடு போகாதே.

அவள் டார்ஜிலிங்குக்கு விண்ணப்பம் எழுதினாள். ஆங்கிலத்தை நான் திருத்திக் கொடுத்தேன். தாய் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "போறதுன்னா போ புள்ள. ஒன் சாமான ஒன்ன மாதிரி ஒரு வீட்டுப் புள்ளதான் தூக்கிட்டு வரும். நீ திங்குறதுக்கு முந்தி அது தின்னுச்சான்னு பாரு."

இப்னு பதூதாவின் காலத்தில், இப்னு கபீஃப் என்ற ஷெய்கின் மீதிருந்த மதிப்பினால் இத்தீவின் பிற மதத்தவர் முஸ்லிம் பயணிகளைத் தம் வீடுகளில் ஏற்று உபசரித்தார்களாம். ஒரு முஸ்லிமை ஆதமின் பாதத்துக்கு யோகிகளும் பிராமணரும் அழைத்துச் சென்ற நாடு இது. 2019க்குப் பிறகு ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கப் பழகிவிட்ட நாம் அடிக்கடி நினைக்க வேண்டிய செய்தி. அந்தப் பயணத்தில் உணவு சுமந்தவர்கள் பதினைந்து பேர் என்று எண்ணிக்கையாவது எழுதப்பட்டிருக்கிறது. பெயர்கள் இல்லை. அந்தக் காலத்துக்கு அது போதும் என்று விடலாம். இனி மலையேறி வந்து எழுதுகிறவர்கள், அந்தப் பிள்ளையும் சேர்த்துத்தான், தம்மோடு சுமந்து வந்தவர்களின் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்திலேயே எழுதட்டும்.