குதிரை வைத்திருந்தவனின் கடுதாசி

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியக் குதிரைப்படைக்காரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைச் 'சாமானியனின் குரல்' என்கிறார்கள். இருக்கட்டும். எந்தச் சாமானியன் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

1914 கடைசியில் இரண்டு இந்தியக் குதிரைப்படை டிவிஷன்கள் பிரான்சில் இறங்கின. அடுத்த வருசமே காலாட்படையில் பெரும்பகுதியை மெசபடோமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை அங்கேயே கிடந்தது. சேறும் முள்கம்பியும் கிடக்கிற இடத்தில் குதிரைக்கு என்ன வேலை? காத்துக் கிடந்தார்கள், கடுதாசி போட்டார்கள். எழுதத் தெரியாதவன் சொல்ல, தெரிந்தவன் எழுதினான். கலகம் ஏதும் பேசுகிறார்களா என்று பார்க்க வெள்ளைக்காரன் ஒரு தணிக்கை ஆபீஸ் வைத்தான். அங்கே படித்து, சிலதை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்தார்கள். சிப்பாய்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தங்களைக் கருமிளகு என்றும் வெள்ளையனைச் செம்மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது அந்த ஆங்கிலப் பெயர்ப்புதான். சந்தேகப்பட்டவன் எடுத்து வைத்த நகல் அது.

இப்படிப் போகிற கடுதாசியில் பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? பெரும்பாலும் அப்பனுக்கும் அண்ணன் தம்பிக்கும்தான் எழுதினார்கள். நிலம், கடன், வழக்கு, கல்யாணம் என்று போகும். பிரெஞ்சுப் பெண்கள் ஆம்பளை இல்லாத ஊரில் ஏர் ஓட்டுவதையும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதையும் பார்த்து, நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று எழுதினவர்கள் உண்டு. அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

எங்கள் வடாற்காட்டுப் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத சேரி குறைவு. ரெண்டாம் உலகப் போரில் ரோடு போடுகிற பட்டாளத்தில் தாத்தா பர்மா பக்கம் போயிருந்தார். கடுதாசி வந்தால் ஆயா அதை மடியில் கட்டிக்கொண்டு ஊர்த்தெருவுக்குப் போகும். படிக்கிறவர் திண்ணையில், ஆயா தெருவில். "புருசன் பொண்டாட்டிக்கு சொல்ற சேதிய ஊரே கேக்கும். அதனால உங்க தாத்தா ஒண்ணும் எழுதமாட்டாரு. மாடு எப்படி இருக்குதுன்னு கேப்பாரு, அவ்ளோதான்" என்று சொல்லும். எங்களிடம் அப்போது மாடே இல்லை. அந்தக் கேள்வியை ஆயா எப்படிப் புரிந்துகொண்டது என்று கடைசிவரை சொன்னதில்லை. கேட்டால் சிரிக்கும்.

குதிரைப்படைக் கதை வேறு. அங்கே பெரும்பாலான ரெஜிமெண்டுகளில் சில்லாதார் முறை இருந்தது. படையில் சேர வருகிறவன் சொந்தக் குதிரையோடு வரவேண்டும், இல்லையென்றால் அதற்கான பணத்தைக் கட்டவேண்டும். நிலம் இருக்கிறவனுக்குத்தான் குதிரை, குதிரை இருக்கிறவனுக்குத்தான் கடுதாசி. குதிரைக்குப் புல் அறுக்கவும் தேய்த்துக் கழுவவும் தனி ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்கும் பெண்டாட்டி இருந்திருப்பாள். 'வீர இனம்' என்று பட்டியல் போட்ட வெள்ளையன், மகர்களைப் பட்டாளத்தில் எடுப்பதை 1890களிலேயே நிறுத்திவிட்டான். ஆள் பற்றாமல் போன 1917இல் மகர்களுக்கென்று ஒரு படையை எழுப்பி, 1921இல் அதையும் கலைத்தான். வடக்கே தலித் மாப்பிள்ளை குதிரையேறி வந்தால் இன்றைக்கும் கல்லெறிகிறார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சில்லாதார் கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு லேடி ஹார்டிங் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே துப்புரவு வேலை பார்த்த சுக்கா என்பவர் 1915 ஜனவரி 12இல் செத்துப்போனார். வயது 30. இந்துக்கள் எரிக்க மாட்டோம் என்றார்கள், முஸ்லிம்கள் புதைக்க மாட்டோம் என்றார்கள் என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது. கடைசியில் அந்த ஊர்த் தேவாலயத்துக் கல்லறையில் இடம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களே காசு போட்டுக் கல் நட்டார்கள். எழுதின ஒரு கடுதாசிகூட இல்லாத மனிதருக்குக் கல்லில் முழு விலாசம் வெட்டியிருக்கிறது: கங்காபூர், பரேலி நகரம், ஐக்கிய மாகாணம். நாட்டையும் வீட்டையும் சிநேகிதர்களையும் விட்டுவந்தார் என்று இருக்கிறது. பெண்டாட்டி இருந்தாளா என்பது அதில் இல்லை.