ஒருவருக்காகச் சுருங்கிய சாலை

பெதெஸ்டாவில் வீட்டுக் கதவைத் திறந்ததுமே குளிர் காதைப் பிடித்துத் திருகியது. 2018 அக்டோபர் கடைசி. "மப்ளரை இன்னொரு சுத்து சுத்திக்குங்க சித்தப்பா, மரத்தடியில இன்னும் ஜில்லுன்னு இருக்கும்" என்றாள் அண்ணன் மகள். வாஷிங்டனை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் புறநகர் இது. வெள்ளை மாளிகை, லிங்கன் சிலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்று நடந்தே ஊரைப் பார்ப்பதாகத் திட்டம்.

நாங்கள் நடந்த பாதையை கேபிடல் கிரசன்ட் டிரெயில் என்கிறார்கள். 1985 வரை சரக்கு ரயில் ஓடிய பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 1996-ல் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஜார்ஜ்டவுன் வரை சுமார் 11 கிலோமீட்டர். ரயிலுக்காகச் சமன் செய்த தரை என்பதால் ஏறுவதும் இறங்குவதும் காலுக்கே தெரிவதில்லை. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள், மஞ்சளும் சிவப்புமாக. மழையில் ஊறிய இலைகளின் வாசனை மூக்கை நிறைத்தது. அவ்வளவு இலை கொட்டிக் கிடந்தும் பாதை வழுக்கவில்லை. யாரோ கூட்டி ஒதுக்கியிருக்கிறார்கள்!

பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்!" என்று ஒரு குரல். திரும்புவதற்குள் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் சைக்கிளில் சர்ரென்று தாண்டிப் போனார். முந்துகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் முந்த வேண்டுமாம்.

ஒரு நீச்சல் குளத்தைத் தாண்டியதும் பாதையின் குறுக்கே ஒரு பெரிய சாலை வந்தது. லிட்டில் ஃபால்ஸ் பார்க்வே. போக இரண்டு லேன், வர இரண்டு லேன், நடுவில் புல்வெளி. ஆனால் பாதை கடக்கும் இடத்தில் மட்டும் பக்கத்துக்கு ஒரு லேனை வெள்ளை பிளாஸ்டிக் கம்பங்கள் நட்டு அடைத்திருந்தார்கள். ஒரு கம்பத்தைக் கையால் தள்ளிப் பார்த்தேன். வளைந்து கொடுத்தது, விட்டதும் நிமிர்ந்து நின்றது. "ஏதாவது குழாய் வேலை நடக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தப்பா. 2016-ல இங்க சைக்கிள்ல வந்த பெரியவர் ஒருத்தர் கார் மோதி இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் இப்படி."

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஓர் உயிருக்காக, இத்தனை கார் ஓடும் சாலையைப் பாதியாக்கிவிட்டார்கள்! சென்னை குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையைக் கையை நீட்டிக்கொண்டே ஓடிக் கடக்கும் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏன் லேனைக் குறைக்க வேண்டும், சிக்னல் வைத்தால் போதாதா என்றேன். அவள் சாலையைக் காட்டியே விளக்கினாள். இரண்டு லேன் இருந்தால், முதல் லேனில் வரும் கார் மரியாதையாக நின்று வழிவிடும். அந்தக் கார் மறைப்பதால், அடுத்த லேனில் வருகிறவருக்குக் கடக்கிற ஆளே தெரியாது. வந்த வேகத்தில் வந்துவிடுவார். ஒற்றை லேனில் முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் வருகிறவர் எல்லாம் நின்றே ஆக வேண்டும். நடுவில் தடுப்பில்லாத நான்கு லேன் சாலைகளை மூன்று லேனாகக் குறைத்த இடங்களில் விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்திருப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையே சொல்கிறது.

இதைவிட வியப்பு, கம்பம் நட்டதோடு அரசு சும்மா இருந்துவிடவில்லை. இதையே நிரந்தரமாக்குவதா, பாதையைத் திருப்பிப் பக்கத்து சிக்னலுக்குக் கொண்டுபோவதா, பாலம் கட்டுவதா என்று வரைபடங்களோடு மக்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகளும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாளாம். பெரிய சாலை குறுகினால் கார்கள் எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் சிலர் கோபமாகப் பேசினார்களாம். அதுவும் நியாயமான கவலைதான். அந்தத் தெருக்களிலும் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அதையும் அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நாங்கள் கடக்கக் கால் வைத்ததுமே ஒரு வேன் நின்றது. ஓட்டிய பெண் தலையசைத்தார். நானும் கைகூப்பினேன்!

2019-ல் அந்தக் கூட்டங்களின் முடிவு வந்தது. பாதையை சிக்னலுக்குத் திருப்பலாம் என்பது அந்தச் சாலையைப் பார்த்துக்கொள்ளும் பூங்கா அதிகாரிகளின் பரிந்துரை. உள்ளூர்த் திட்டக் குழு அதை ஏற்கவில்லை. பாதை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சாலை சுருங்கியே இருக்கட்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் நம் தி.நகர் பாண்டி பஜாரிலும் வண்டிக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். ஆக, நம்மாலும் முடியும். அடுத்த முறை உங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்தால், அதைக் குறுக்கே கடக்கிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு மனு எழுதிக் கேளுங்கள்.